படைப்பியல் அன்று, படைப்புவாதம்

'கிரியேஷனிசம்' என்பதைப் 'படைப்பியல்' என்று மொழிபெயர்த்ததை இந்த மாதம் மூன்றாம் முறையாக ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் கேட்டேன். உலகையும் உயிர்களையும் கடவுள் இன்றுள்ள வகைகளாகவே நேரடியாகப் படைத்தார், ஓர் உயிரினத்திலிருந்து மற்றொன்று கிளைத்து வரவில்லை என்று வாதிடும் நிலைப்பாட்டின் பெயர் அது. ஆக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல்; வேரில் சிக்கல் இல்லை, சிக்கல் நாம் சேர்க்கும் ஈற்றில்தான்.

உயிரியல், வேதியியல், நிலவியல் என்று பழகிய செவிக்கு 'இயல்' என்றாலே, சோதித்துப் பார்த்துத் தவறானால் திருத்திக்கொள்ளும் அறிவுத்துறை என்று பொருள். படைப்பியல் என்று படிக்கும் மாணவர் அதையும் உயிரியலோடு ஒத்த துறையாகவே எண்ணுவார். அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனதும் இதே மயக்கம்தான். 1981இல் ஆர்க்கன்சாஸ் மாநிலம் 'படைப்பு அறிவியல்' என்று பெயரிட்டு, பரிணாமத்துக்குச் சரிசமமாகப் பள்ளிகளில் அதைக் கற்பிக்கச் சட்டம் இயற்றியது. அது அறிவியலே அன்று என்று 1982 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் தீர்ப்பளித்தார். லூசியானாவின் இத்தகைய சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதன்பின் ஒரு பாடநூல் வரைவில் 'படைப்புவாதிகள்' என்றிருந்த இடங்களில் 'வடிவமைப்பை முன்வைப்போர்' என்று மாற்றினார்கள். ஓரிடத்தில் மட்டும் பழைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்துகளும் புதிய தொடரின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பள்ளியில் இந்த 'வடிவமைப்பு'க் கருத்தைப் புகுத்தியதை எதிர்த்து 2005இல் பென்சில்வேனியாவின் டோவரில் நடந்த வழக்கில், மாறியது பெயர் மட்டுமே என்பதற்கு அந்த அரைகுறைச் சொல்லே சான்றாக வந்து நின்றது. அங்கே நீதிமன்றங்கள் தர மறுத்த தகுதியை இங்கே மொழிபெயர்ப்பாளர் ஓர் ஈற்றைச் சேர்த்துத் தந்துவிடுகிறார்.

எனவே 'படைப்புவாதம்' என்பதே என் தேர்வு. அதிலுள்ள 'வாதம்' வடசொல் என்பது உண்மைதான். 'பெண்ணியம்' போலப் 'படைப்பியம்' எனலாம் என்பாரும் உண்டு. அமைப்பு நன்று, ஆனால் ஓரெழுத்து பிசகினால் மீண்டும் படைப்பியல் ஆகிவிடும். 'படைப்புக் கொள்கை' என்றால், அறிவியல் நூல்களும் 'கொள்கை'யை ஆள்வதால் பழைய மயக்கமே திரும்பும். தூய்மையைவிடத் தெளிவையே நான் முதலில் வைப்பேன்.

படைத்தவனை நம்புவோர் எல்லோரும் படைப்புவாதிகள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கக் குரு. சைவ சித்தாந்தத்தில் படைத்தல் ஐந்தொழில்களுள் ஒன்று. ஆயினும் அங்கே குடத்துக்கு மண்போல மாயை முதற்காரணம், குயவன்போல இறைவன் நிமித்த காரணம். இவற்றுக்குப் 'படைப்பு நம்பிக்கை' என்ற பெயரே பொருந்தும்.

படைப்பியல் என்று எழுதும் அதே கைகள்தாம் 'பரிணாமவாதம்' என்றும் எழுதுகின்றன: வாதத்துக்கு இயல், அறிவியலுக்கு வாதம். பரிணாமம் என்று நிறுத்தினாலே போதும். வடசொல் வேண்டாதவர்களுக்கு இலங்கைப் பாடநூல்களில் நெடுநாளாக வழங்கும் 'கூர்ப்பு' இருக்கிறது.