வரைந்த படமும் பிடித்த படமும்

கையால் வரைந்த உருவங்களும் உண்மையான நடிகர்களும் ஒரே காட்சியில் தோன்றும் திரைப்படங்களைப் பற்றி அண்மையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் நடந்த பட்டறையொன்றில், 'அனிமேஷனும் நேரடி நடவடிக்கையும்' என்ற தலைப்பு திரையில் ஒளிர்ந்தது. முன்வரிசையில் இருந்த மாணவி, "யார் மேல நடவடிக்கை?" என்று தோழியிடம் மெல்லக் கேட்டாள், கேலிக்காக அன்று, உண்மையிலேயே விளங்காமல். வரையாமல் கேமராவில் பிடித்த காட்சியைக் குறிக்கும் 'லைவ் ஆக்‌ஷன்' என்பதற்கு 'நேரடி நடவடிக்கை' என்னும் இத்தொடரைச் சப்டைட்டில்களிலும் நிகழ்ச்சிக் குறிப்புகளிலும் பலமுறை கண்டு பொறுத்திருந்தேன், இனிப் பொறுப்பதற்கில்லை.

அனிமேஷன் என்பது 'அனிமா' என்னும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அதற்கு மூச்சு, உயிர் என்று பொருள். தமிழில் வழங்கும் 'அசைவூட்டம்' நல்ல சொல். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல ஓவியத்துக்கு அசைவை ஊட்டுகிறோம். சிக்கல் மற்றப் பாதியில்தான்.

'லைவ்' என்பதற்கு உயிருள்ள என்ற பொருளும் உண்டு, நிகழும்போதே ஒளிபரப்பாகும் என்ற பொருளும் உண்டு. இங்கே வேண்டியது முதற்பொருள். மலேசியாவில் நாம் நேரடி ஒளிபரப்பை மலாயில் 'சியாரான் லங்சுங்' என்று நாள்தோறும் கேட்டுப் பழகியதால், லைவ் என்றதும் கை தானாக 'நேரடி' என்று எழுதிவிடுகிறது. 'நேரலை நடிப்பு' என்பாரும் உளர். 1988இல் வந்த 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' படத்தில் ஓவிய முயலோடு தோன்றும் நடிகர் பாப் ஹாஸ்கின்ஸ், முயல் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து நடித்தார். பின்னர்ப் படச்சுருளின் சட்டங்களை (ஃபிரேம்களை)ப் பெரிதாக்கித் தாளில் அச்சிட்டு, அவற்றின்மேல் வேறு தாள் வைத்து, அவருடைய பார்வையும் கையும் செல்லும் இடத்துக்கு ஏற்ப ஓவியர்கள் முயலை வரைந்தார்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படம் அது. இதில் நேரலை எங்கே இருக்கிறது?

'ஆள்நடிப்பு' என்பது இவற்றைவிட மேல். ஆயினும் அது முழுமையானதன்று. நாய் ஓடும் காட்சியும், ஆளே இல்லாத தெருவும்கூட லைவ் ஆக்‌ஷன்தானே! ஆள் இருப்பதும் இல்லாததும் இங்கே அளவுகோல் இல்லை. கேமரா முன் உண்மையில் இருந்ததா என்பதே அளவுகோல்.

அந்த வேறுபாட்டுக்குத் தமிழில் முன்பே சொல் இருக்கிறது. படம் வரைந்தான் என்கிறோம். படம் பிடித்தான் என்கிறோம். 1989இல் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்தும் பிள்ளைகளும் பிடித்த படம். அவர்களோடு ஆடும் விலங்குகள் வரைந்த படம். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் உரையின்றிச் சொல்லலாம். ஆகவே லைவ் ஆக்‌ஷனைப் 'படப்பிடிப்புக் காட்சி' என்றே எழுதலாம். அகராதியைத் திறந்து ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக மாற்றி வைப்போர், நம் வீட்டுப் பேச்சை ஒருமுறை கேட்டிருந்தால் இது கிடைத்திருக்கும்.

பட்டறைத் தலைப்பு, 'கையோவிய அசைவூட்டமும் படப்பிடிப்பும் இணைந்த காட்சிகள்' என்று இருந்திருக்க வேண்டும். நீளம் என்று கருதி அதைக் 'கலப்புப் படம்' என்று சுருக்கவும் வேண்டாம். கலப்படம் என்று காதில் விழும்.