அங்கதம்: சந்தி சிரிக்கிற காட்டூன்களுக்கு எங்களிடம் உள்ள சொல்

ஆங்கிலத்தில் சட்டயர் (satire) என்பதற்குத் தமிழ் என்ன என்று உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், கிளிநொச்சியானாலும் முல்லைத்தீவானாலும் முதலில் வருவது ‘நையாண்டி’. அடுத்தது ‘நக்கல்’. கடைசி வாங்கிலிருந்து ‘பகிடி’ என்றொரு குரல் கேட்கும். மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றும் சிரிப்பை மட்டும் சொல்கின்றன; சிரிப்புக்குள் ஒளிந்திருக்கிற குற்றச்சாட்டைச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற சொல் அங்கதம்.

இந்தப் பழஞ்சொல் இப்போது தேவைப்படுவதற்குக் காரணம் கைபேசி. பெரியவர்களுக்கென்று எடுத்த அசைவூட்டத் தொடர்களைக் காட்டூன்தானே என்று பிள்ளைகள் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். ஒருவன் ஊர் நடுவே அவமானப்படுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள், துண்டு முடிந்துவிடுகிறது. யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள் என்பது வெட்டி எறிந்த மிச்சத்தில் கிடக்கிறது.

முதலில் வெளிச்சொல்லைப் பார்த்துவிடலாம். சட்டயர் இலத்தீன் ‘சதுரா’விலிருந்து வந்தது. ‘சதுர்’ என்றால் நிறைந்தது. ‘லாங்ஸ் சதுரா’ என்றால் பலவகைப் பழம் நிறைத்த தட்டு. கோயிலுக்கு எடுத்துப்போகிற அருச்சனைத் தட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பலதும் கலந்த பாட்டுக்கு உரோமர் இந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு அது குத்திக்காட்டும் பாட்டுக்கே பெயராக நின்றுவிட்டது. கிரேக்கரின் ‘சாட்டிர்’ என்ற காட்டுத்தேவனோடு இதை நெடுங்காலம் குழப்பினார்கள். இரண்டும் வேறு என்று 1605இல் ஐசக் கசொபன் பிரித்துக் காட்டினார். சட்டயர் முழுக்க எங்களுடையது என்று முதலாம் நூற்றாண்டு உரோமரான குவின்டிலியன் பெருமைப்பட்டுக்கொண்டார். தமிழில் இதற்குத் தனி இலக்கணம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்!

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு நிலம், அதாவது ஆக்கங்களின் ஏழு வகை, வகுக்கிறது. பிசி என்றால் விடுகதை, முதுசொல் என்றால் பழமொழி. அந்த வரிசையில் அங்கதத்துக்கும் தனி இடம். பிறகு அதைப் பிரிக்கிறது: ‘அங்கதந் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்த தெனஇரு வகைத்தே.’ ஆளையும் குற்றத்தையும் வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றும் பெயர். மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. இன்னொரு நூற்பா, வசையோடும் நசையோடும் கூடியது அங்கதச் செய்யுள் என்கிறது. நசை என்றால் விருப்பம். வெறும் ஏச்சு அங்கதமாகாது. ஏசுகிறவனுக்கு ஏசப்படுகிற இடத்தில் ஒரு பற்று வேண்டும் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது.

பழிகரப்புக்குப் புறநானூறு 95ஐவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் அவற்றைப் புகழ்கிறார்: பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி எவ்வளவு அழகாகக் காவலில் இருக்கின்றன! அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஒரு சுடுசொல்லும் இல்லை. போரே காணாத படை உன்னுடையது என்பது மட்டும் தொண்டைமானுக்கு விளங்கியிருக்கும். செம்பொருளுக்கு எங்கள் பக்கத்திலேயே ஆள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நட்டுவச் சுப்பையனார் வண்ணார்பண்ணைக் கனகியையும் அவளிடம் போய்வந்த பெரிய மனிதரையும் புராண நடையில் பாடிவைத்த கனகி புராணம் பச்சையான வசை.

இனிப் பேச்சுச் சொற்கள். பகிடி என்பது எங்களுக்குப் பொதுவான விளையாட்டுப் பேச்சு. தமிழ்நாட்டு எழுத்தில் ‘பகடி’ என்று வருவது வேறு. ஒரு படைப்பின் நடையைப் போலச் செய்து கேலியாக்குவதைச் சொல்ல அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பகிடி என்று திருத்துவது பிழை. நக்கல் ஒருவரை நோக்கியது, கொஞ்சம் உறைப்பு. நளினம் பண்ணுவது ஒருவர் நடையையோ பேச்சையோ காட்டிச் சிரிப்பது. பகிடியோடு வதை சேர்ந்தால் பகிடிவதை. அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் சிரிப்பின் குறி ஓர் ஆள். அங்கதத்தில் ஆள் ஒரு வாசல்தான். குறி அவனுக்குப் பின்னால் நிற்கிற வழக்கம், பதவி, ஊர்.

காட்டூன் என்ற சொல்லுக்கும் இரண்டு வரி. இத்தாலிய ‘கார்த்தோனே’, தடித்த தாள். அதில் வரைந்த முன்மாதிரி ஓவியத்துக்குப் பெயராகி, 1843இல் இலண்டன் ‘பஞ்ச்’ இதழ் வழியாகக் கேலிச்சித்திரத்துக்கு மாறியது. பத்திரிகையில் வருவதற்குக் கேலிச்சித்திரம் என்பது சரி. ஓடுகிற படத்துக்கு அசைவூட்டம். வேடிக்கை என்னவென்றால், 1997இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ என்ற அமெரிக்க அசைவூட்டத் தொடரின் முதல் கதையைத் தடித்த வண்ணத் தாளை வெட்டி நகர்த்தியே எடுத்தார்கள். சொல் பிறந்த வீட்டுக்கே திரும்பிய மாதிரி.

இப்போது அவமானம். தமிழில் இதற்குச் சொல் குறைவில்லை: பழி, வசை, இளிவரல், தலைகுனிவு, மானக்கேடு. வன்னியில் வாயில் வருவது ‘சந்தி சிரிக்கிறது’. ‘குடும்பத்தைச் சந்தி சிரிக்கப் பண்ணிப்போட்டான்’ என்றால் வேறு விளக்கம் வேண்டாம். இந்தத் தொடரில் எழுவாய் சந்தி என்பதைக் கவனியுங்கள். அவமானப்பட்டவன் ஒன்றும் செய்யவில்லை. சிரிக்கிற வேலை முழுவதும் சந்தியுடையது. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதையில் ஏற்றுவது என்ற பழைய தண்டனையும் அப்படித்தான். பார்க்க ஆள் வராவிட்டால் அது வெறும் கழுதைச் சவாரி.

அங்கதக் காட்டூன்களின் கதைமரபு இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. 1989 டிசம்பரில் தனித்தொடராக வந்த அமெரிக்க அசைவூட்டமான ‘த சிம்ப்சன்ஸ்’ ஒரு முழு ஊரை வைத்திருக்கிறது: மேயர், பாதிரியார், மதுக்கடைக்காரர், தொலைக்காட்சிச் செய்தியாளர். யாரையாவது சந்தி சிரிக்க வைக்க இந்தக் கூட்டம் எப்போதும் ஆயத்தமாக நிற்கும். 1994இல் வந்த ஒரு கதையில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணின் உடையில் ஒட்டியிருந்த இனிப்பை எடுக்கச் சிம்ப்சன் குடும்பத்துத் தகப்பன் ஹோமர் கைநீட்டுகிறான். அவள் அதைத் தொந்தரவு என்று எடுத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு முன்னால் ஆர்ப்பாட்டம். விளக்கம் சொல்லலாம் என்று தொலைக்காட்சிக்குப் போகிறான். அவன் பேச்சை வெட்டி ஒட்டிக் குற்ற ஒப்புதலாக்கிவிடுகிறார்கள். அவனுக்குப் பின்னாலுள்ள மணிக்கூட்டின் முள் ஒவ்வொரு வெட்டுக்கும் தாவுவதுதான் பகிடி. பழிகரப்பு என்றால் இதுதான்: ஊடகம் பொய் சொல்கிறது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை, மணிக்கூடு சொல்கிறது.

பாடசாலைத் தோட்டக்காரர் வில்லி எடுத்த ஒளிப்பதிவால் ஹோமர் தப்புகிறான். கதை அதோடு முடிந்திருந்தால் நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான். கடைசியில் அதே நிகழ்ச்சி வில்லியைக் குற்றவாளியாகக் காட்டுகிறது. தன்னைக் காப்பாற்றியவன் என்று தெரிந்தும், பின்னணி இசையைக் கேட்டுவிட்டு ஹோமர் அதை நம்பிவிடுகிறான். நேற்றுச் சந்தியில் நின்றவன் இன்று சந்தியாகிவிட்டான். சிரிப்பு ஹோமர்மேல், வசை சந்திமேல்.

அடுத்த மரபு மீள்நிலை. சுமார் 22 நிமிடம் முடிய எல்லாம் பழையபடி: வீடு எரிந்தாலும் அடுத்த கிழமை இருக்கும், பிள்ளைகளுக்கு வயது ஏறாது. காரணம் வியாபாரம். எந்தக் கதையை எந்த வரிசையில் மறுஒளிபரப்புச் செய்தாலும் பார்ப்பவருக்கு விளங்க வேண்டும். 1997 செப்டம்பரில் சிம்ப்சன்ஸ் தன் மரபையே கேலி செய்தது. பாடசாலை அதிபர் ஸ்கின்னர் இன்னொருவர் பெயரில் வாழ்ந்தவர் என்பது ஊர் முன் வெளிப்படுகிறது. முடிவில் நீதிபதி, இனி எல்லாம் முன்போலவே இருக்கும், இதைப் பற்றி எவரும் கதைக்கக்கூடாது, மீறினால் சித்திரவதை என்று தீர்ப்பளிக்கிறார். நீண்டநாள் இரசிகர் பலருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. மீள்நிலையை மரபாக ஏற்றுக்கொள்கிறவர்கள், அதைச் சட்டமாகக் கேட்டால் கோபிக்கிறார்கள். பழைய தொலைக்காட்சி நடிகனான ஒரு குதிரையின் கதையைச் சொல்லும் ‘போஜாக் ஹோர்ஸ்மன்’ (2014 – 2020) மாறான வழி. முதற்பருவத்தில் ஹொலிவுட் பெயர்ப்பலகையின் கடைசி எழுத்துக் களவுபோகிறது. அதற்குப் பிறகு தொடரின் கடைசிக் கட்டம்வரை ஊரின் பெயர் ‘ஹொலிவூ’தான். போஜாக்கின் அவமானமும் அப்படித்தான், கழுவுப்படாது.

முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி பழகிய கதை. விசாரிக்காமல் ஒருவனைக் கள்வன் ஆக்குகிறார்கள். பழி கடைசியில் அரசவைக்கே திரும்புகிறது. வடிவம் ஒன்று, ஆனால் கூத்தில் மீள்நிலை இல்லை. கோவலன் எழும்ப மாட்டான், மதுரை எரியத்தான் வேண்டும், கண்ணகி வற்றாப்பளைக்கு வந்துசேரத்தான் வேண்டும். கட்டியகாரனும் பபூனும் இடையில் விடுகிற பகிடிகள் அந்தச் சுமையை இறக்கிவைக்க உதவும், அகற்றாது. (பபூன் தமிழ் அல்ல; கன்னத்தை ஊதுவதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் பேரன். கோமாளி எங்களுடையது.)

எந்த அங்கதம் என்பதைத் தயாரிப்பு நேரமும் தீர்மானிக்கிறது. சவுத் பார்க் ஒரு கதையை ஆறு நாளில் முடிக்கிற வழக்கம் கொண்டது. போன கிழமை நாறிய ஆளை இந்தக் கிழமை பெயரோடு இழுக்கலாம். ஆகவே அது செம்பொருள் பக்கம் சாய்கிறது. சிம்ப்சன்ஸ் கதைக்குப் பல மாதம் வேண்டும். அதற்குள் ஆளை ஊர் மறந்துவிடும் என்பதால் ஆளின் வகையைத்தான் வரைய முடியும், பழிகரப்பு தானாக வந்துசேர்கிறது. சவுத் பார்க் தொடக்கத்தில், உண்மை மனிதரை வைத்துச் செய்த பாத்திரங்களும் முழுக் கற்பனை என்றொரு அறிவித்தல் போடும். கரப்பதாகச் சொல்லிக்கொண்டே கரக்காமல் விடுகிற குறும்பு.

பாடசாலை மேடைக்கோ கைபேசிக்கோ ஐந்து நிமிடத்தில் ஒன்று செய்வதானால் விலங்குகளை எடுங்கள், மறைத்துச் சொல்ல அவைதான் வசதி. சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீட்டுக் கூட்டம் என்று வைப்போம். முதல் 40 விநாடி: இரவு, குளத்தின் துருசடியில் (மதகடியில்) ஆமை, ஓடு நனைந்திருக்கிறது. ஒன்றரை நிமிடத்துக்குள், ஆமை தண்ணீரைக் களவெடுத்தது என்ற குற்றச்சாட்டு. ஆமை எப்போதும் ஈரம்தானே என்று எவரும் கேட்கக்கூடாது. மூன்றாவது நிமிடம் சந்தி சிரிப்பின் உச்சம்: தலைவர் எருமை தீர்ப்புச் சொல்கிறார், வாலிலிருந்து சேறு சொட்டுகிறது, செயலாளர் கொக்கு முழங்கால் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்று கூட்டக் குறிப்பு எழுதுகிறது. இவற்றைப் படம் காட்டட்டும், வசனம் சொல்லக்கூடாது. கடைசி 30 விநாடி மீள்நிலை: அடுத்த போகம், அதே கூட்டம், எல்லாரும் சிரித்துக் கதைக்கிறார்கள். ஆமை மட்டும் வேலிக்கு வெளியே இருக்கிறது.

அந்த வேலியை விட்டுவிட்டால் கதை பகிடியாகக் கரைந்துவிடும். ஆமையை இன்னும் சப்பாணியாக, கொன்னை வாயாகக் காட்டிச் சிரிப்பு வாங்கினால் அது பகிடிவதை. எருமைக்கு ஊரிலுள்ள ஒருவரின் கண்ணாடியையும் நடையையும் கொடுத்தால் செம்பொருள். கூட்டத்தில் மற்ற எல்லாரும் நிம்மதியாகச் சிரிப்பார்கள், அதுதான் நட்டம். கடைசியில் ஒரு கிளி வந்து பாடம் சொன்னால் முன்னே சொட்டிய சேறெல்லாம் வீண். வசனம் 400, 450 சொல்லுக்கு மேல் போனால் சிரிக்க இடைவெளி இருக்காது. விநாடிக்கு 12 படம் என்றாலும் ஐந்து நிமிடத்துக்கு 3600. எல்லாவற்றையும் வரையப் போகாமல் அட்டையில் வெட்டிய உருவங்களுக்கு வாயை மட்டும் ஆறேழு வடிவத்தில் மாற்றிவைத்தால் போதும்.

வழக்கில் ஒரு கவனம். ‘அவனை அங்கதம் பண்ணினார்கள்’ என்று எழுதாதீர்கள். அதற்குப் பகிடி விட்டார்கள், நக்கலடித்தார்கள் என்பது இருக்கிறது. அங்கதமாகச் சொன்னார், அங்கதக் காட்டூன், இந்தக் கதையின் அங்கதம் கூட்டத்தின்மேல் – இவை இயல்பாக நிற்கும். அகராதியைத் திறந்தால் அங்கதம் என்பதற்குத் தோள்வளை என்ற பொருளும் வரும். அது வடசொல். வாலி மகன் அங்கதன் இராவணன் சபையில் நன்றாகவே வாய்காட்டியவன் என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். கூத்தில் அவன் தோளில் கட்டுகிற அங்கதம் வேறு, இது வேறு.