ஏப்பம் வந்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது

சட்ட வைத்திய அதிகாரியின் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கொலையுண்டவர்களே என்று பலர் எண்ணுகிறார்கள். கொழும்பில் நாங்கள் பரிசோதிக்கும் சடலங்களில் கணிசமானவை, முந்தின இரவு வரை கடைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் படுக்கச் சென்றவர்களுடையவை. இந்த வாரமும் அப்படி ஒருவர் வந்தார். புறக்கோட்டை வியாபாரி, ஐம்பது வயதும் நிறையவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று இரவில் சொன்னவருக்கு ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து, தைலம் தடவிப் படுக்க வைத்திருக்கிறார்கள். "ஏப்பம் வந்ததும் சுகமாகிவிட்டது டொக்டர், வெறும் வாயுதான்" என்று, திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னதையே தம்பியார் என்னிடமும் சொன்னார். அது வாயு அல்ல, மாரடைப்பு. இதே வாசகத்தை இன்னும் எத்தனை வீட்டாரிடம் கேட்பது?

இதயத்தின் கீழ்ப்புறத் தசைக்கு இரத்தம் தடைப்படும்போது வலி மேல்வயிற்றிலேயே தோன்றலாம். குமட்டலும் வாந்தியும் சேரலாம். அந்த வலி விட்டுவிட்டும் வரக்கூடும் என்பதால், அது தணியும் வேளையும் ஏப்பம் வரும் வேளையும் ஒன்றாக அமைந்துவிடுவதில் வியப்பில்லை. சோடா குடித்தால் எவருக்கும் ஏப்பம் வரும், மாரடைப்பு வந்திருப்பவருக்கும் வரும். நீரிழிவுக்காரருக்கோ வலியே இல்லாமல், வியர்வையும் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டுமே வந்து போகலாம்.

"நேற்றுவரை ஒரு வருத்தமும் இல்லை" என்கிறார்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளைச் சில மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்காக வெட்டிப் பார்க்கையில், பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து ஊசித்துளையாய்ச் சுருங்கிய பாதைதான் எங்களுக்குத் தெரிகிறது. (மரணம் சில மணி நேரத்தில் நிகழ்ந்திருந்தால் இதயத் தசையில் வெறுங்கண்ணுக்கு மாற்றம் தெரியாது, "இதயம் நன்றாகத்தானே இருந்ததாம், பிறகு ஏன் வெட்டினீர்கள்" என்று சண்டைக்கு வருபவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.)

நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ தாடையிலோ இடது கையிலோ புதிதாக ஓர் இறுக்கம் வந்து வியர்த்தால், உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மின்தூக்கி பழுதென்று நோயாளியை நான்கு மாடி நடத்தி இறக்காதீர்கள், அவரையே வாகனம் ஓட்டவும் விடாதீர்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்றதும் கையொப்பமிட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட அவசரப்படவும் வேண்டாம். முதற் பதிவில் தெரியாதது அடுத்த பதிவிலோ இரத்தப் பரிசோதனையிலோ தெரியலாம்.

இறந்தவரின் உடன்பிறந்தாரிடமும் பிள்ளைகளிடமும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மரணத்துக்கான காரணம் எழுதப்பட்ட தாளைக் காப்புறுதிக்காரரிடம் கொடுப்பதோடு நிறுத்திவிடாமல், ஒரு பிரதியை உங்கள் வைத்தியரிடமும் காட்டி, இரத்த அழுத்தத்தையும் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள்.