குப்பைக்கீரை: சொல்லும் செடியும்

எருக்குழியின் ஓரத்திலும், வீட்டுப் பின்புறத்தில் கழிநீர் பாயும் ஈர மண்ணிலும், வாழை விளைகளின் (தோட்டங்களின்) இடைவெளியிலும் யாரும் விதைக்காமல் தானாக முளைத்து, கொய்து சமைக்கத்தக்கதாக வளரும் சிறு செடிக்குக் குப்பைக்கீரை என்று பெயர். செடியியலில் இதனை அமராந்தஸ் விரிடிஸ் என்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் குப்பைக்கீரை என்றே சொல்வார்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் மலையாளம் கலந்த பேச்சில் ‘குப்பச்சீர’ என்பதும் காதில் விழும்.

கீரையும் சீரையும் இருவேறு சொற்கள் அல்ல. திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நின்ற ககரம், இகரம் எகரம் போன்ற உயிர்களுக்கு முன்னால் தமிழில் பெரும்பாலும் சகரமாகத் திரிந்தது. கன்னடத்தின் ‘கிவி’ தமிழில் செவியாகவும், ‘கெய்’ செய் என்றும் வழங்குவது இதனால்தான். ஆனால் கீரை என்ற சொல்லில் தமிழ் பழைய ககரத்தைக் காத்துக்கொண்டது, மலையாளம் அதனைத் திரித்துச் ‘சீர’ ஆக்கிக்கொண்டது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த இந்த மாவட்டத்தில் இரு வடிவங்களும் ஒரே சந்தையில் புழங்குவது இயல்பே.

முன்னொட்டாக வரும் குப்பைக்கு இன்று கழிவு என்ற பொருளே முதலில் தோன்றுகிறது. சொல்லின் மூலப் பொருள் குவியல் என்பதாகும். குவி, குவை, கூப்பு ஆகியவை இதன் உறவுச் சொற்கள். சிவகங்கை மாவட்டத்து ஊரான நெற்குப்பையின் பெயரில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே குப்பைக்கீரை என்பது இழிவுப் பெயர் அன்று. சாணமும் சாம்பலும் சருகும் குவித்து வைத்த இடத்தில் வளரும் கீரை என்று வாழிடத்தைச் சுட்டும் பெயர் அது.

இப்பெயர் சங்க காலத்திலேயே வழங்கியது. குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனார், புறநானூற்றின் 159ஆம் பாட்டில் தம் மனைவியின் வறுமையைச் சொல்லும்போது, ‘குப்பைக் கீரை கொய்கண் அகைத்த முற்றா இளந்தளிர் கொய்துகொண்டு’ உப்பும் மோரும் இல்லாமல் வேகவைத்து உண்டாள் என்கிறார். இதில் ‘கொய்கண் அகைத்த’ என்ற தொடரைச் செடியியல் படித்தவர் வியக்காமல் இருக்க முடியாது. முன்பு கொய்த கணுவிலிருந்து மீண்டும் கிளைத்த தளிர் என்பது அதன் பொருள். தண்டின் நுனி மொட்டு ஆக்சின் என்னும் வளரூக்கியைச் சுரந்து, கீழே இலைக்கக்கங்களில் உள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளியவுடன் அடக்கம் நீங்கி, பக்க மொட்டுகள் தளிராக வெளிவரும். நுனி மீண்டும் மீண்டும் கொய்யப்பட்டிருந்தது என்பதையும், முற்றுவதற்குக்கூட விடாத பசி அந்த வீட்டில் இருந்தது என்பதையும் புலவர் ஒரே தொடரில் காட்டிவிடுகிறார். அதே பாட்டில் கீரைக்கு ‘அடகு’ என்ற இன்னொரு பழஞ்சொல்லும் வருகிறது. இன்று அச்சொல் ஈடு வைப்பதை மட்டுமே குறிப்பதால், கீரை என்ற பொருளில் அதனை மீட்க முயல்வது குழப்பத்தையே தரும்.

புலவர் சொன்ன செடியும் இன்று நம் எருக்குழியில் நிற்கும் செடியும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு உறுதியாக ஆம் என்று சொல்லக்கூடாது. அமராந்தஸ் விரிடிஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவியதாகவே செடியியலார் பலர் கருதுகின்றனர். அப்படியானால் சங்க காலக் குப்பைக்கீரை இதே பேரினத்தின் வேறோர் இனமாகவோ வேறு கீரையாகவோ இருந்திருக்க வேண்டும். வாழிடத்தால் அமைந்த பெயர், அந்த இடத்தில் குடியேறிய புதிய செடிக்கும் தானே சென்று பொருந்திவிடும். இதனைச் சொல்லாய்வு செய்வோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய செடியின் அடையாளங்கள் தெளிவானவை. தண்டில் மயிரோ முள்ளோ இல்லை. இலைகள் மாற்றடுக்கில் நிற்கும், காம்பு நீளமானது, இலை நுனி கூராக முடியாமல் சற்று உள்வாங்கிப் பிளந்திருக்கும். பச்சை நிறப் பூக்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றிலும் மூன்று இதழ்களே உண்டு, ஆணும் பெண்ணும் தனித்தனிப் பூக்களாக ஒரே செடியில் இருக்கும், மகரந்தத்தைக் காற்று சுமக்கும். உறுதி செய்ய விரும்புவோர் காயைப் பார்க்க வேண்டும்: அதன் தோல் நன்கு சுருக்கம் விழுந்து, முற்றினாலும் மூடிபோல் திறக்காமல் இருக்கும். கதிரை உள்ளங்கையில் தேய்த்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் பளபளக்கும் கரிய விதைகள் உதிரும். இதன் உறவான முள்ளுக்கீரையில் இலைக்கக்கத்தில் இரட்டை முட்கள் இருக்கும், காய் குறுக்கே வெடிக்கும்.

குவியலை இச்செடி நாடுவதற்குக் காரணம் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன். நைட்ரேட் மிகுந்த மண்ணில் இது மிக விரைவாக வளரும். கரியமில வாயுவை முதலில் நான்கு கரி அணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றிக்கொள்ளும் ஒளிச்சேர்க்கை முறை இதற்கு இருப்பதால், கடும் வெயிலிலும் வாட்டம் குறைவு. குமரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால் எருவும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஆண்டில் பல முறை முளைத்துவிடுகிறது.

அமராந்த் என்ற அயற்சொல் ‘வாடாதது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதே பொருளில் அமைந்த வாடாமல்லி, தோவாளைச் சந்தையில் மாலைக்கு விற்கும் பூ, இச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எனினும் அப்பெயர் அங்கே நிலைத்துவிட்டதால் கீரைக்கு அதனைச் சூட்ட இயலாது. சிலர் ‘காட்டுக்கீரை’ என்று மொழிபெயர்க்கின்றனர். இது பிழை என்பது என் கருத்து. இது காட்டில் வாழும் செடி அன்று, மனிதர் குடியிருக்கும் இடத்தை விட்டு அகலாத செடி. இனத்துக்குக் குப்பைக்கீரை என்றும், குடும்பத்துக்கு நாயுருவிக் குடும்பம் என்றும் எழுதுவதே முறை.

குப்பைமேனியோடு இதனை மயங்கிவிடக்கூடாது. அது ஆமணக்குக் குடும்பத்து மருந்துச் செடி. அதன் இலை ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும், கதிரில் கிண்ணம் போன்ற பூவடிச் செதில்கள் தெரியும். குப்பைக்கீரையைப் பூக்கும் முன்பே கொய்வது நல்லது. நைட்ரேட்டையும் ஆக்சாலிக் அமிலத்தையும் இலையில் சேர்த்துவைக்கும் இயல்பு இதற்கு இருப்பதால், சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி தெளித்த விளைகளிலும் நிற்பதைத் தவிர்த்து, கிடைத்ததை வேகவைத்த நீரை வடித்துவிட்டு, தேங்காயும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயமும்) சேர்த்துத் துவரன் என்னும் பொரியல் வைப்பது ஏற்றது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.