மேக்கா, பிசியா? லேப்டாப்புக்குள் தரவு பயணிக்கும் தூரம்

இரண்டு எண்களைக் கூட்டுவது ஒரு பிராசசருக்குப் பெரிய வேலையே இல்லை. கூட்ட வேண்டிய எண்களை ராமிலிருந்து எடுத்து வருவதுதான் பெரிய வேலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் ஒரு மாநாட்டு உரையில் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்த சிப்பில், 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்டச் சுமார் 0.1 பிக்கோஜூல் ஆற்றல் போதும். சிப்புக்கு வெளியே இருக்கும் டிராம் (கணினிகளில் ராமாகப் பயன்படும் வகை) நினைவகத்திலிருந்து 64 பிட் தரவைக் கொண்டுவர 1,300 முதல் 2,600 பிக்கோஜூல் வரை ஆகும். பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அதன்பின் சிப்புகள் எவ்வளவோ சிறுத்துவிட்டன. ஆனாலும் கணக்குப் போடும் செலவுக்கும் தரவைச் சுமந்து வரும் செலவுக்கும் உள்ள இடைவெளி அப்படியே பெரிதாகத்தான் இருக்கிறது.

புது லேப்டாப் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். தரவு எவ்வளவு தூரம், எத்தனை தடவை போய்வருகிறது என்பதை யாரும் எழுதி ஒட்டுவதில்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், மடியில் வைத்தால் சுடுமா, விசிறி இரையுமா, பின்னால் ராமைக் கூட்ட முடியுமா என்ற கேள்விகளில் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. மேக்கா பிசியா என்ற பழைய வாதத்தையும் அங்கிருந்து பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

2006 முதல் 2020 வரை இந்த வாதத்தில் வன்பொருளுக்குப் பெரிய பங்கு இல்லை. மேக்கிலும் இன்டெல் சிப், பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்பிலும் இன்டெல் சிப். வேறுபாடு இயங்குதளத்திலும் உடல் அமைப்பிலும்தான். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பை வெளியிட்டதும் நிலைமை மாறியது. மேக்புக் ஏர் லேப்டாப்பில் அந்த மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த இன்டெல் மாடலிலும் ஆண்டுக் கடைசியில் வந்த எம்1 மாடலிலும் ஒரே அளவு பேட்டரி, 49.9 வாட்-மணி. ஆப்பிளின் கணக்குப்படி இணையத்தில் உலாவினால் முதலாவது 11 மணி நேரம் தாங்கும், இரண்டாவது 15 மணி நேரம். வீடியோ பார்த்தால் 12 மணி நேரம் 18 ஆனது. அதோடு விசிறியையும் எடுத்துவிட்டார்கள். பேட்டரி மாறவில்லை, உடலும் ஏறக்குறைய அதேதான். உள்ளே மின்சாரம் செலவாகும் விதம் மாறிவிட்டது.

எப்படி மாறியது? முதலில் மின்னழுத்தத்தைப் பார்ப்போம். சிப்புக்குள் டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கடிகார வேகத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் விலை மிக அதிகம். திருப்பிப் பார்த்தால், வேகத்தையும் மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் மட்டும் குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ 27 சதவீதம் குறைகிறது. எம்1 சிப்பின் பெரிய கோர்கள் (கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகளில் வேகமானவை) 3.2 கிகாஹெர்ட்ஸோடு நின்றுகொண்டன. அதே ஆண்டு வந்த இன்டெல் லேப்டாப் சிப்புகளில் சில 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டின.

வேகம் குறைந்தால் வேலையும் தாமதமாகத்தானே முடிய வேண்டும்? அப்படி ஆகாமல் இருக்க, சிப்பின் கடிகாரத்தினுடைய ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலையை முடிக்க வேண்டும். எம்1 கோர் ஒரே துடிப்பில் 8 கட்டளைகளைப் பிரித்தறியும். அன்றைய எக்ஸ்86 லேப்டாப் சிப்புகள் 4 அல்லது 5 கட்டளைகளைப் பிரித்தன. இன்டெல், ஏஎம்டி இரண்டும் பின்பற்றும் எக்ஸ்86 கட்டளைத் தொகுப்பு, அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல், 1978-இல் வந்த 8086 சிப்பின் வழிவந்தது. அதில் ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். பழைய ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்காது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எக்ஸ்86 பிராசசரின் பாடும் அதுதான். ஆப்பிள் எடுத்துக்கொண்ட 64 பிட் ஆர்ம் தொகுப்பில் எல்லாக் கட்டளையும் 4 பைட்தான். எங்கே வெட்ட வேண்டும் என்பது முன்பே தெரிவதால், எட்டை ஒரே நேரத்தில் பிரிப்பது எளிது.

ஆர்ம் பிறந்த கதையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற சிறு கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985-இல் வந்தது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது, ஆனால் சிப் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால், மின்சாரம் வரும் இணைப்பையே கொடுத்திருக்கவில்லை. மற்ற இணைப்புகள் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே சிப் வேலை செய்திருக்கிறது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க முடிய வேண்டும், அதனால் சூடாகக் கூடாது என்பதே அவர்களின் நோக்கம். அந்த எளிமை பிற்பாடு கைப்பேசிகளுக்கு வாய்த்தது, அங்கிருந்து லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் கட்டளைத் தொகுப்புக்கே முழுப் புகழையும் கொடுப்பது சரியில்லை. ஒருமுறை பிரித்த கட்டளைகளைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தும் உத்தியை எக்ஸ்86 சிப்புகள் நெடுநாளாகவே கையாள்கின்றன. எம்1 சிப்பின் வெற்றியில் பாதி, தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதில் இருக்கிறது. கோருக்கு மிக அருகில் கட்டளைகளை வைக்கும் கேச் நினைவகம், அன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் கோருக்கு 32 கிலோபைட். எம்1 சிப்பின் பெரிய கோர்களில் 192 கிலோபைட். தேவைப்படுவது பக்கத்திலேயே கிடைத்தால் ராம் வரை போகும் பயணம் மிச்சம்.

போயே ஆக வேண்டிய பயணத்தையும் சுருக்கினார்கள். ராம் சிப்புகளை மதர்போர்டில் தள்ளி வைக்காமல், பிராசசர் இருக்கும் அதே பொதியில் (சிப்பை அடைத்து வைக்கும் உறையில்) ஒட்டினாற்போல வைத்தார்கள். கம்பி குட்டையானால் குறைந்த மின்னழுத்தத்தில் செய்தியைத் தெளிவாக அனுப்பலாம். கழற்றி மாட்டும் டிடிஆர்4 ராமில் தரவுக் கம்பிகள் 1.2 வோல்ட்டில் இயங்கும். எம்1 எடுத்துக்கொண்ட எல்பிடிடிஆர்4எக்ஸ் வகையில் 0.6 வோல்ட். பாதி வோல்ட் என்றால், வர்க்கக் கணக்கில் கால்வாசிச் செலவு. அப்புறம், சிபியுவும் கிராஃபிக்ஸ் பகுதியும் ஒரே ராமைப் பகிர்ந்துகொள்கின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பில் அந்தக் கார்டுக்கென்று தனி நினைவகம் இருக்கும். ஒரு படத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதை ராமிலிருந்து கார்டுக்குப் பிரதியெடுக்க வேண்டும், முடிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பகிர்ந்த நினைவகத்தில் இந்தப் போக்குவரத்தே தேவையில்லை.

அப்படியானால் மேக்தானா? 2021-இல் கேட்டிருந்தால், பேட்டரியும் அமைதியும் முக்கியம் என்கிறவர்களுக்கு மறு யோசனை இல்லாமல் ஆமாம் என்றிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். பிசி என்பது ஒரே பொருள் அல்ல. 2024-இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் வந்தது, அதுவும் ஆர்ம் வகைதான். அதே ஆண்டு இன்டெல் வெளியிட்ட லூனார் லேக் சிப் எக்ஸ்86 ஆகவே இருந்தபடி ராமைப் பொதிக்குள் வைத்துக்கொண்டு, பேட்டரியில் இடைவெளியை வெகுவாகக் குறைத்தது. 2025-இல் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் 128 ஜிபி வரை பகிர்ந்த நினைவகத்தோடு வந்தது. தூரத்தைக் குறைக்கும் வித்தை ஆப்பிளுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை இவை காட்டிவிட்டன. ஆகவே பிசி பார்க்கிறவர்கள் பிராண்டைவிடச் சிப்பின் முழுப் பெயரைத் தேடிப் படிப்பது நல்லது. ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து மாடல்கள் இரண்டுக்குள் வேறு வேறு தலைமுறைச் சிப்புகள் இருப்பது சாதாரணம்.

பக்கத்தில் வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. பொதியில் ஒட்டிய ராமைப் பிற்பாடு மாற்ற முடியாது. வாங்கும் நாளில் என்ன அளவோ, கடைசிவரை அதே அளவு. ஆப்பிள் சிப் உள்ள மேக் லேப்டாப்புகள் எல்லாவற்றிலும் இப்படித்தான், மெல்லிய பிசிக்கள் பலவற்றிலும் இப்படித்தான். சேமிப்பகத்தில்தான் உண்மையான வேறுபாடு. பெரும்பாலான பிசிக்களில் எஸ்எஸ்டி ஒரு தனிப் பலகை, திருகைக் கழற்றிப் பெரிதாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம். மேக்கில் எஸ்எஸ்டியைக் கட்டுப்படுத்தும் பகுதியும் தரவைப் பூட்டும் மறையாக்கச் சாவியும் ஆப்பிளின் முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. திருடர்களிடமிருந்து நல்ல பாதுகாப்பு. ஆனால் அந்தச் சிப் பழுதானால் கோப்புகளை மீட்க வழி கிடைப்பது மிகக் கடினம். மேக் வாங்குகிறவர்கள் வெளி டிஸ்க் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ராம் போதாதபோது கணினி எஸ்எஸ்டியின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்தும். தரவு இன்னும் தொலைவுக்குப் போய்வர வேண்டியிருக்கும். வேகமான எஸ்எஸ்டி இந்தத் தாமதத்தைக் கொஞ்சம் மறைக்கும், ஒழிக்காது. மேக்கில் 8 ஜிபியே போதும் என்ற பேச்சு சில காலம் உலவியது. நான் அதை ஏற்கவில்லை. 2024-இல் ஆப்பிளே மேக்புக் ஏர் தொடக்க அளவை 16 ஜிபி ஆக்கியது.

தூரம் குறைந்தாலும் வெப்பத்திடமிருந்து தப்பிக்க முடியாத வேலைகள் உண்டு. பெரிய விளையாட்டுகள், முப்பரிமாண அனிமேஷன், இயந்திரக் கற்றல் பயிற்சி போன்றவை. இவற்றில் என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பிசி இன்னும் முன்னால்தான். ஆர்டிஎக்ஸ் 4090 லேப்டாப் கார்டு 175 வாட் வரை எடுக்கக்கூடியது. என்விடியாவின் கூடா நிரல்தளத்தை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் மேக்கில் ஓடாது. அதற்கு ஈடாகப் பருமன், இரைச்சல், எடை எல்லாம் வரும். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் வெகுவாகக் குறையும், ஏனென்றால் பேட்டரியால் அவ்வளவு மின்திறனைத் தொடர்ந்து தர முடியாது. மேக்குகள் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகின்றன. விசிறி இல்லாத மேக்புக் ஏரில் மட்டும் நீண்ட வீடியோ ஏற்றுமதி போன்ற வேலை நடந்தால், சில நிமிடங்களில் சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்விக்குப் பதில் எழுதித் தரும் ஏஐ மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்ட நினைப்பவர்களுக்குத் தூரக் கணக்கு நேரடியாகவே உதவும். மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கும்போதும், வழக்கமான வகையில் அதன் எல்லா எடைகளையும் (பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்களையும்) நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். மாதிரியின் அளவு 40 ஜிபி, நினைவகம் நொடிக்கு 400 ஜிபி தரும் என்றால், நொடிக்கு 10 துண்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்த 4090 லேப்டாப் கார்டின் நினைவகம் நொடிக்கு 576 ஜிபி தரும், ஆனால் மொத்தக் கொள்ளளவு 16 ஜிபிதான். 40 ஜிபி மாதிரி அதற்குள் அடங்காது. பெரிய பகிர்ந்த நினைவகமுள்ள மேக்கோ ரைசன் ஏஐ மேக்ஸ் பிசியோ இங்கே பொருத்தமாகிறது. மாதிரி சிறியது, வேகம்தான் முக்கியம் என்றால் என்விடியா.

மென்பொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்86 சிப்புக்கு எழுதிய நிரலை ஆர்ம் சிப்பில் ஓட்ட மொழிபெயர்ப்பு வேண்டும். மேக்கில் ரொசெட்டா 2, ஆர்ம் விண்டோஸில் பிரிசம் அதைச் செய்கின்றன. நினைவகத்தில் எழுதும் வரிசை பற்றி எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் அவ்வளவு கண்டிப்பு இல்லை. அந்த எக்ஸ்86 வரிசையை வன்பொருளிலேயே பின்பற்றும் ஒரு முறையை ஆப்பிள் தன் சிப்பில் சேர்த்தது. ரொசெட்டா வேகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய பிரிண்டர், ஸ்கேனர், ஆய்வகக் கருவிகளின் டிரைவர்களை (கருவியை இயக்கும் சிறு நிரல்களை) இப்படி மொழிபெயர்க்க முடியாது; ஆர்ம் விண்டோஸ் எடுக்கிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ பொறியியல் மென்பொருளோ உங்கள் அன்றாட வேலைக்கு ஆதாரம் என்றால், மேக் பக்கம் போக வேண்டாம், எக்ஸ்86 பிசியே வாங்குங்கள். மேக்கில் விண்டோஸை மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டலாம், ஆனால் அதுவும் ஆர்ம் விண்டோஸ்தான்.

எழுத்து, இணையம், புகைப்படம், நிரலெழுதுதல், மிதமான வீடியோ வேலை என்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் இப்போது நல்ல லேப்டாப்புகள் இருக்கின்றன. பழகிய இயங்குதளத்தை விட்டுவிடாமல், அதிலேயே ராம் தாராளமாக உள்ளதை எடுப்பதுதான் என் பரிந்துரை. எவ்வளவு ராம் என்பதற்கு ஊகம் வேண்டாம். இப்போது கையில் இருக்கும் கணினியில், வேலை மிக அதிகமாக உள்ள ஒரு நாளில், விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரையும் மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரையும் திறந்து நினைவகப் பக்கத்தைப் பாருங்கள். பயன்பாடு வழக்கமாக 12 ஜிபிக்கு மேல் நிற்கிறது என்றால் 16 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளாமல், 24 அல்லது 32 ஜிபி மாடலைத் தேடுங்கள்.