தீக்கடைகோல்

வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில் அக்கா மகன் வளைந்த குச்சி ஒன்றில் கயிற்றை நாணாகக் கட்டியிருந்தான். நாணில் ஒரு கோலை ஒரு சுற்றுச் சுற்றி, காய்ந்த பலகை மேல் நிறுத்தி, தீ உண்டாக்க வில்லை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே கேட்டான்: "மாமா, போ டிரில்லுக்கு (bow drill) தமிழ்ல என்ன? வில் துளைப்பானா?"

துளைப்பான் என்பது எனக்கு ஒப்பவில்லை. துளை போடுவது தச்சர் வேலை. அதற்குத் துரப்பணம், தமரூசி என்று சொற்கள் உண்டு. இங்கே பலகையில் விழும் குழி ஒரு பொருட்டல்ல, வேண்டியது தீ. தமிழில் தீயைக் கடைவதுதான் வழக்கம். தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம். அம்பத்தூர் பட்டறை லேத்துக்கும் தமிழில் கடைசல் இயந்திரம் என்றே பெயர். பெரிய மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் கருவி புதிதல்ல. அந்தக் கயிற்றின் இரு முனையையும் வில்லில் கட்டிவிட்டால் ஒரு கையே இழுக்கப் போதும். மற்றக் கை கோலின் தலையை ஒரு பிடிக்கட்டையால் அழுத்திக்கொள்ளும்.

ஆகவே தீக்கடைகோல். இதன் சங்ககாலப் பெயர் ஞெலிகோல். ஞெலிதல் என்றாலும் கடைதல்தான். புறநானூற்று 315ஆம் பாடலில் ஔவையார் அதியமானை 'இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்' என்கிறார். வீட்டுக் கூரையின் விளிம்பில் செருகிக் கிடக்கும்போது அது வெறும் குச்சி. கடைந்தால் எரி. அவனும் அப்படித்தான், அடங்கி இருக்கவும் தெரியும், வெளிப்படவும் தெரியும். எவ்வளவு அழகான உவமை! ஞெலிகோல் எங்கே இருக்கும் என்று எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தால்தானே இதைச் சொல்ல முடியும்? பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் ஞெலிகோலால் தீ உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் குழலுக்குத் துளை இடுகிறான். அங்கே 'கைம்முயன்று' என்றுதான் வருகிறது, வில் இல்லை. அதனால் நாண் பூட்டியதை மட்டும் வில் தீக்கடைகோல் என்று பிரித்துச் சொல்லலாம்.

இறைவன் மறைந்து நிற்பதை விறகில் தீ, பாலில் நெய் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன அப்பரும் கோல் நட்டு, கயிற்றால் வாங்கி, 'கடைய முன் நிற்குமே' என்று ஒரே வினையில் முடிக்கிறார்.

யாகசாலையில் தீக்கடையும் கட்டைக்குச் சொல்லும் அரணி வடசொல். வேள்வித் தீக்கு அது இருக்கட்டும். சிக்கிமுக்கிக் கல் வேறு, அது தட்டிப் பொறி எழுப்புவது.

சரி, மாடிக்கு வருவோம். கடற்காற்றின் ஈரம் கட்டையில் ஏறியிருந்ததால் முதலில் புகைகூட வரவில்லை. பலகையை வெயிலில் போட்டுவிட்டு மறுநாள் மறுபடி பிடித்தான். குழியின் ஓரத்தில் வெட்டிய பிளவில் பொடி சேர்ந்தது. முதலில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. வில்லை நிறுத்திய பிறகும் அந்தக் கரும்பொடியிலிருந்து தானாக நூல் போல ஒரு புகை எழுந்தது. அதைத் தேங்காய் நாரில் கவிழ்த்து மெல்ல ஊதினான். சிவந்தது, அணைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் கடையணும் மாமா" என்று வில்லைத் திரும்ப எடுத்தான்.