சக்கரத்தைக் கோணலாக மாட்டிவிட்டால் சைக்கிள் கெட்டுவிடுமா?

பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றித் தாமே திரும்ப மாட்டி, சிறிது தூரம் ஓட்டிய பிறகு பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசுவதைக் கண்டு, ரிம் வளைந்துவிட்டது என்ற முடிவோடு கடைக்கு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோரின் வண்டியில் எதுவும் கெட்டிருப்பதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் காடியில், சக்கரத்தின் நடு அச்சான ஆக்ஸில் ஒரு பக்கம் முழுதாக உட்காராமல் இருக்கும், அவ்வளவுதான்.

சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். சுற்று முழுவதும் ஒரே பக்கத்தில் ஒரே அளவாக உரசினால் பெரும்பாலும் சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசி விலகினால்தான் ரிம்மில் கோட்டம் இருக்கிறது, அதற்கு ஸ்போக் கம்பிகளைச் சரிசெய்து கோட்டம் எடுக்க வேண்டும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு மாட்டும்போது இந்தக் கோணல் எளிதாக வந்துவிடுகிறது. நேராக நிறுத்தி, நட்டையோ லீவரையோ தளர்த்தி, ஹேண்டில்பார்மீது கொஞ்சம் எடை கொடுத்தால் ஆக்ஸில் தானாகவே காடியின் உட்கோடிவரை போய்விடும். அதன்பின் இறுக்கினால் போதும்.

நான் உண்மையில் அஞ்சுவது கோணலைக் கண்டு அல்ல, இறுக்கத்தில் ஏற்படும் தவறைக் கண்டு. குயிக் ரிலீஸ் லீவரை, அதாவது நட்டுக்குப் பதிலாகக் கையால் மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் நெம்பை, நட்டைப்போலச் சுற்றிச் சுற்றித் திருகிவிட்டு, மடக்காமல் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். சுற்றுவது அளவு வைப்பதற்கு மட்டுமே. பிடிப்பைத் தருவது மடக்குதல்தான். லீவர் ஆக்ஸிலுக்கு நேராக நீட்டி நிற்கும் நிலையிலேயே மடக்குவதற்குத் தடை தெரியத் தொடங்க வேண்டும். முழுதாக மடக்கியபின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். இருபுறமும் உள்ள கூம்பு வடிவச் சுருள்வில்களின் குறுகிய முனை, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. லீவர் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: 2015-இல் ட்ரெக் என்ற சைக்கிள் நிறுவனம், திறந்த லீவர் முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் (ஹப்போடு சுழலும் தகட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக்) சிக்கிச் சக்கரம் திடீரென நின்றுவிடவோ கழன்றுவிடவோ கூடும் என்று கூறி, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது.

நட்டு வைத்த சாதாரண வண்டிகளில் தொல்லை வேறு விதமானது. நட்டைக் கழற்றும்போது ஹப்பின் உள்ளே இருக்கும் கோனும் (பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டு) சில சமயம் சேர்ந்து சுழன்று, பால்ரஸை நெருக்கிவிடும் அல்லது தளர்த்திவிடும். ஆகவே மாட்டுவதற்கு முன் ஆக்ஸிலின் இரு முனைகளையும் விரல்களால் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்; மணலை அரைப்பதுபோல் விரலில் நெருடினால் கோன் இறுகியிருக்கக்கூடும், ஹப் பக்கவாட்டில் ஆடினால் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் கோனில் குழி விழுந்து, சில நிமிடங்களில் முடியும் வேலை ஹப்பையே மாற்றுவதில் போய் முடியலாம்.

கோணலாகவே சில நாட்கள் ஓட்டியிருந்தால் டயரின் பக்கச்சுவரைப் பார்க்க வேண்டும். பிரேக் கட்டையோ சைக்கிளின் சட்டமோ அதில் உரசி, ரப்பருக்கு அடியிலுள்ள நூல் வெளியே தெரிந்தால், டியூப் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று ஆறுதல் அடையாமல் டயரை மாற்றிவிடுங்கள். கார்பன் சட்டமாக இருந்தால் உரசிய இடத்தில் பெயின்ட் மட்டும் போயிருக்கிறதா, நாரும் தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் இல்லாதபோது பிரேக்கை அழுத்திவிட்டுப் பதறுபவர்களும் உண்டு. கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கியிருக்கும். பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாக நெம்பி விலக்கினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். டிஸ்க்கில் எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்வதுதான் இதைவிட முக்கியம், ஏனெனில் எண்ணெய் ஊறிய கட்டையைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் அதை மாட்டிவிட்டதாக வருந்துபவர்கள் தார்ச்சாலையில் மட்டுமே ஓட்டுவதானால், அடுத்த பஞ்சர்வரை அதை அப்படியே விட்டுவைக்கலாம்.